பனிக்காலத்தில் மீன் தொட்டியின் சூட்டைச் சீராக வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் மீன் கடைகளில் எல்லோரும் ஹீட்டர் கேட்டு வருவார்கள். வாங்கிப் போகிறவர்கள் பலருடைய வீட்டில் தொட்டிக்கு மூடி இருக்காது, தெர்மோமீட்டரும் இருக்காது. வரிசை தப்புவது இங்கேதான். 24 டிகிரியில் நிலையாக நிற்கும் தண்ணீரில் கப்பி நிம்மதியாக இருக்கும். மத்தியானம் 28, விடியற்காலை 22 என்று தினமும் ஆடுகிற தண்ணீரில் அதே கப்பி நோயில் விழும். ஆகவே முதலில் சூடு எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து அடைக்க வேண்டும். மிச்சம் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் ஹீட்டரிடம் விட வேண்டும்.

கணக்குக்கு உதாரணமாக ஓசூர் மாதிரி குளிரும் ஊரில், ஒரு வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தண்ணீருக்குள் முனை விடும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று, கண்ணாடியாலோ அக்ரிலிக்காலோ ஆன மூடி, ஒரு அங்குல தெர்மாகோல் அட்டை, தெர்மோஸ்டாட் (குறித்த சூடு வந்ததும் தானாக அணைக்கும் கருவி) உள்ள ஹீட்டர், குளோரின் நீக்கும் மருந்து, மீனுக்கென்றே தனியாக ஒரு பக்கெட். இந்த பக்கெட்டில் சோப்பு ஒரு முறைகூடப் பட்டிருக்கக் கூடாது. இவற்றில் ஹீட்டரைக் கடைசியாக வாங்குங்கள். முதல் ஐந்து படிகளை முடிக்காமல் எத்தனை வாட் தேவை என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

1. உங்கள் மீனுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எல்லா மீனுக்கும் ஹீட்டர் தேவையில்லை. கோல்ட் ஃபிஷ்ஷுக்கு 18 முதல் 22 டிகிரி போதும்; அதன் தொட்டியில் ஹீட்டர் வைப்பது வீண் செலவு. ஜீப்ரா டானியோவும் 20 டிகிரியில் சுறுசுறுப்பாகத் திரியும். கப்பி, மோலி, பிளாட்டி, நியான் டெட்ரா ஆகியவற்றுக்கு 24, 25 டிகிரி வசதியானது. ஏஞ்சலும் ஃபைட்டரும் 26ஐ ஒட்டி இருந்தால் நன்றாக இருக்கும். ஃபிளவர்ஹார்னுக்கு 28, டிஸ்கஸுக்கு 28 முதல் 30.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம், கோல்ட் ஃபிஷ்ஷையும் ஏஞ்சலையும் ஒரே தொட்டியில் விடுவது. கோடையில் எப்படியோ ஓடிவிடும். பனிக்காலத்தில் ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றதற்குச் சரிப்படாது. ஹீட்டரால் தீராத சிக்கல் இது. தொட்டியைப் பிரிப்பது ஒன்றுதான் வழி.

கலவையாக வளர்ப்பவர்கள் எல்லா மீனுக்கும் பொருந்தும் ஓர் எண்ணை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத் தொட்டியில் கப்பி, மோலி, சில டெட்ரா. எண் 25.

2. மூன்று நாள் அளந்து பாருங்கள்

கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டும் பட்டை வகைத் தெர்மோமீட்டர் மலிவு. ஆனால் அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை. அறைக் காற்று குளிர்ந்தால் அதுவும் தண்ணீரைவிடக் குறைத்தே காட்டும். ஒரு பார்வைக்கு உதவும், இந்த வேலைக்கு ஆகாது.

டிஜிட்டல் ஒன்று வாங்கியதும் அது சொல்வது நிஜம்தானா என்று பாருங்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் இருக்கும். ஒரு டம்ளரில் 37, 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து இரண்டின் முனைகளையும் ஒன்றாக நனையுங்கள். காய்ச்சல் தெர்மோமீட்டர் 32 டிகிரிக்குக் கீழே எண் காட்டாது என்பதால்தான் வெதுவெதுப்பு வேண்டும் என்கிறேன். அது ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 32ஐக் கழித்து 1.8ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அந்த வித்தியாசத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்.

இனி மூன்று நாள், தினமும் மூன்று வேளை குறியுங்கள்: மத்தியானம் மூன்று மணி, இரவு படுக்கும் முன், காலை ஆறு மணி. கூடவே அறையின் சூட்டையும் எழுதுங்கள். பலர் மத்தியானம் மட்டும் பார்த்து "26 இருக்கே, எதுக்கு ஹீட்டர்?" என்பார்கள். தொட்டியின் மோசமான நேரம் விடியற்காலை. அப்போது நாம் போர்வைக்குள் இருப்போம்.

இந்தக் குறிப்பே பாதி முடிவை எடுத்துவிடும். சென்னையில் மார்கழி இரவில் வெளியே 20, 21 வரை இறங்கினாலும், சன்னல் சாத்திய கூடத்தில் மூடி போட்ட தொட்டி 24க்குக் கீழே போகாமலே இருந்துவிடுவது உண்டு. அங்கே கப்பி வளர்ப்பவருக்கு ஹீட்டரே வேண்டாம். ஓசூரில் வெளியே 15, 16க்கு இறங்கும் இரவுகள் உண்டு. கூடம் 18ஐத் தொடும். உறைபனி விழும் ஊட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் கூடத்தின் எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.

3. தொட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள்

வாசல் கதவுக்கு நேரே, சன்னலுக்குக் கீழே, பால்கனியில், ஏசி காற்று நேராகப் படும் சுவரோரம் ஆகிய நான்கும் ஆகாத இடங்கள். சன்னலோரம் இருமடங்கு தொல்லை: இரவில் குளிரும், காலையில் வெயில் பட்டு வேகமாக ஏறும். நாம் தடுக்க நினைக்கும் ஆட்டம் முழுவதும் அங்கேயே நடந்துவிடும். போதாததற்குப் பாசியும் பிடிக்கும்.

மாற்ற வேண்டுமானால் குளிர் இறங்கும் முன்பே மாற்றுங்கள். தண்ணீரோடு தொட்டியைத் தூக்காதீர்கள், ஓரத்துச் சிலிகான் பிரிந்துவிடும். முக்கால்வாசித் தண்ணீரை பக்கெட்டுகளில் எடுத்து வைத்து, மீன்களை அதிலேயே விட்டு, தொட்டியை நகர்த்தி, அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். நகர்த்தவே முடியாத இடம் என்றால் இரவில் சன்னலைச் சாத்தித் தடிமனான திரை ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

வட்டமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபைட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் அறையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அவ்வளவு சிறிய பாத்திரத்தில் ஹீட்டரைப் பத்திரமாகப் பொருத்துவதும் கடினம். குறைந்தது 15, 20 லிட்டர் தொட்டிக்கு மாறுங்கள். தண்ணீர் கூடக் கூட ஆட்டம் தானாகவே குறையும்.

4. மூடி போடுங்கள்

மொத்த வேலையில் செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருப்பது இந்தப் படிதான்.

திறந்த தொட்டி சூட்டை இழப்பதில் பெரும்பங்கு ஆவியாதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 100 லிட்டர் தண்ணீரை ஐந்தாறு டிகிரி குளிர வைக்கும் அளவு. மூடியில்லாத தொட்டியில் வாரத்துக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது, எத்தனை முறை மேலூற்றுகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனைக்கும் உங்கள் ஹீட்டர்தான் கரன்ட் கட்டணம் கட்டுகிறது. மார்கழியில் ஈரம் குறைந்த வாடைக்காற்று அடித்தால் ஆவியாதல் இன்னும் கூடும்.

கண்ணாடிக் கடையில் அளவு சொன்னால் 4 மில்லிமீட்டர் கண்ணாடியை வெட்டி ஓரம் தேய்த்துத் தருவார்கள். இரண்டு துண்டாக வாங்குங்கள். சாப்பாடு போட ஒன்றை நகர்த்தினால் போதும். பின்பக்க மூலையில் ஒயரும் டியூபும் போக இடம் விடச் சொல்லுங்கள். முழுவதும் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது. ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றை விழுங்குகிற மீன்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

மறுநாள் காலையில் மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும், சில துளிகள் சரிந்து தொட்டிக்குள்ளேயே சொட்டும். வெளியே போயிருக்க வேண்டிய தண்ணீர் அது. அதோடு போயிருக்க வேண்டிய சூட்டிலும் கணிசமான பங்கு இப்போது தொட்டியிலேயே தங்கிவிட்டது.

மூடி போட்டதும் ஏர் பம்பை இரவில் நிறுத்தலாமா என்று கேட்பார்கள், குமிழி வந்தால் தண்ணீர் குளிரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குமிழி கொஞ்சம் குளிர்விக்கும் என்பது சரிதான். ஆனால் இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் பம்பை நிறுத்துவது வேறு ஆபத்தை வரவழைக்கும். வால்வைத் திருகிக் குமிழியைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம்.

5. தெர்மாகோல் கட்டுங்கள்

பின்பக்கக் கண்ணாடிக்கும் இரண்டு பக்கவாட்டுக்கும் ஒரு அங்குல தெர்மாகோலை அளந்து வெட்டி, வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். முன்பக்கம் மட்டும் பார்வைக்குத் திறந்திருந்தால் போதும். தொட்டிக்கு அடியில் ஏற்கெனவே தெர்மாகோல் இருக்கும். இல்லையென்றால் இப்போது செருக முயலாதீர்கள், அது தொட்டியைக் காலி செய்து செய்ய வேண்டிய வேலை.

தெர்மாகோலை உள்ளே, தண்ணீர்ப் பக்கம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். மிதக்கும், மீன் கொத்தும், உதிர்ந்த மணிகள் ஃபில்டரை அடைக்கும்.

நான்காவது, ஐந்தாவது படிகளை முடித்ததும் இன்னும் இரண்டு இரவு அளந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு 23, 24 நின்றால் கப்பித் தொட்டிக்காரர் வேலை இங்கேயே முடிந்தது. ஹீட்டரைப் பற்றிய ஆறு முதல் ஒன்பது வரையிலான படிகளைத் தாண்டி நேராகப் பத்தாவதுக்குப் போகலாம்.

6. ஹீட்டர் எத்தனை வாட் என்று கணக்கிடுங்கள்

முதலில் தொட்டியில் உண்மையாக எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000த்தால் வகுத்தால் லிட்டர். இரண்டடித் தொட்டி 60 × 30, தண்ணீர் 27 உயரம்: 48.6 லிட்டர். கல், மணல், அலங்காரப் பொருட்களைக் கழித்தால் 45 என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, நீங்கள் எழுதி வைத்த எண்ணிலிருந்து அறையின் விடியற்காலைச் சூட்டைக் கழியுங்கள். நம் உதாரணத்தில் 25லிருந்து 18 போக 7.

மூடி போட்ட தொட்டிக்கு நான் பின்பற்றும் அளவு இது: வித்தியாசம் 5 டிகிரிக்குள் என்றால் லிட்டருக்கு முக்கால் வாட், 10க்குள் என்றால் ஒரு வாட், அதற்கு மேல் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடங்களில் இரண்டு வாட். 45 லிட்டருக்கு 7 டிகிரி ஏற்ற 45 வாட் வருகிறது. கடையில் கிடைக்கும் 50 வாட் ஹீட்டர் கச்சிதம்.

"பெரிசா 200 வாட்டே வாங்கிடுங்க, சீக்கிரம் சூடாகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனை நாளடைவில் ஒட்டிக்கொள்வது உண்டு. ஒட்டிக்கொண்டால் அணையவே அணையாது. 200 வாட் ஹீட்டர் 45 லிட்டரில் அப்படி மாட்டினால் மணிக்கு மூன்று டிகிரிக்கு மேல் ஏறும். இரவு படுத்து எழுவதற்குள் 40ஐ நெருங்கிவிடும். அதே கோளாறு 50 வாட்டில் வந்தால், பனி இரவில் தண்ணீர் 30ஐத் தாண்டவே திணறும். மீன் மூச்சு வாங்கும், நீங்கள் காலையில் பார்த்துக் காப்பாற்ற நேரம் இருக்கும்.

மூன்றடி, நான்கடித் தொட்டிகளுக்கும் இதே காரணம் பொருந்தும். 200 வாட் தேவை என்றால் 100 வாட் இரண்டு வாங்கி இரு முனைகளிலும் வையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் வேகவைக்க அதற்குச் சக்தி போதாது, ஒன்று செத்துவிட்டாலும் மற்றது ஓரளவு தாங்கும்.

கரன்ட் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 50 வாட் ஹீட்டர் ஒரு நாளில் பத்து மணி நேரம் எரிந்தால் அரை யூனிட்.

7. சரியான ஹீட்டரை வாங்குங்கள்

தெர்மோஸ்டாட் இல்லாமல், செருகினால் எரிந்துகொண்டே இருக்கும் வகை மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். முழுவதும் தண்ணீரில் மூழ்கக்கூடியதா, மேலே திருகும் குமிழ் உண்டா, எரியும்போது விளக்கு வருகிறதா, குறைந்தபட்ச நீர்மட்டக் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் வளர்ப்பவர்கள் பிளாஸ்டிக் கூண்டு உள்ளதாக வாங்குங்கள். அந்த மீன்கள் இடித்தே கண்ணாடிக் குழாயை உடைத்துவிடும்.

கையில் காசு இருந்தால் வெளியே வைக்கும் தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் முனை தண்ணீரில் இருக்கும், ஹீட்டரின் பிளக் அதில் செருகப்படும். கன்ட்ரோலரை 25லும் ஹீட்டரின் குமிழை 27லும் வையுங்கள். அன்றாட வேலையைக் கன்ட்ரோலர் பார்க்கும். அது கெட்டு அணையாமல் போனால் 27ல் ஹீட்டர் தானாக நிற்கும். விலை உயர்ந்த டிஸ்கஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

8. கரன்ட் விஷயத்தை முதலில் முடியுங்கள்

ஹீட்டரைத் தண்ணீரில் இறக்கும் முன் செய்ய வேண்டியது இது. தொட்டிக்குப் போகும் பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்டை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டால் தண்ணீர் முழுவதும் மின்சாரம் பாயும். அப்போது உங்கள் கைக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சின்னப் பெட்டி மட்டும்தான்.

ஒயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்கு இறங்கினால் வழியும் தண்ணீரும் அதே வழியில் பிளக்குக்குள் போகும். ஒயரை பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் செருகுங்கள். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்கு அடியில் தரையில் போட்டு வைப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். சுவரில் உயர்த்தி மாட்டுங்கள்.

ஒரு விதி: தண்ணீரில் கை வைக்கும் முன் ஹீட்டர் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

9. பொருத்தி, மெதுவாக ஏற்றுங்கள்

ஹீட்டரின் சூடு தொட்டி முழுவதும் பரவ வேண்டுமானால் தண்ணீர் ஓட்டம் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில், பின்கண்ணாடியில், சாய்வாக ஒட்டுங்கள். செங்குத்தாக வைத்தால் சூடான தண்ணீர் குழாயை ஒட்டியே மேலேறித் தெர்மோஸ்டாட்டை ஏமாற்றி, சீக்கிரம் அணைத்துவிடும். கல்லுக்குள் புதைக்கக் கூடாது, சூடு அடைபட்டுக் குழாய் வெடிக்கும். தெர்மோமீட்டர் முனையை ஹீட்டருக்கு எதிர்மூலையில் வையுங்கள்.

மூழ்க வைத்ததும் உடனே சுவிட்ச் போடாதீர்கள். 20 நிமிடம் விடுங்கள். கண்ணாடியும் உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட்டும் தண்ணீரின் சூட்டுக்கு வர வேண்டும்.

அப்புறம், நேராக 25ல் வைக்கும் ஆசை வரும். காலையில் தண்ணீர் 20 இருந்தால் குமிழை 21ல் வைத்து, ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றுங்கள். குளிரில் மந்தமாகிக் கிடக்கும் மீனை ஒரே மூச்சில் சூடாக்கினால், ஆக்சிஜன் தேவை கூடுகிற அதே நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் அது ஏழரைதான்.

குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 25 என்று திருகினால் 27 வரை போகும் ஹீட்டரும் உண்டு, 23ல் நிற்பதும் உண்டு. தெர்மோமீட்டர் 25 காட்டும் இடத்தில் குமிழின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். முதல் வாரம் காலையும் இரவும் ஒரு பார்வை பாருங்கள். விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தால் நலம். நாள் முழுவதும் எரிந்துகொண்டே இருந்தால் வாட் போதவில்லை, அல்லது மூடியை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்.

10. தண்ணீர் மாற்றும்போது கவனம்

ஹீட்டர் ஒழுங்காக ஓடும் தொட்டிகளில்கூட மீன் சாகிறது என்றால் முதலில் நான் கேட்கும் கேள்வி, தண்ணீர் எப்போது மாற்றினீர்கள் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்பார்கள். இரவு முழுவதும் பனியில் நின்ற மாடித் தொட்டியின் தண்ணீர் அப்போது 18ல் இருக்கும். 25 டிகிரித் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு அதை ஊற்றினால் சில நிமிடங்களில் 2 டிகிரிக்கு மேல் இறங்கும். இரவெல்லாம் ஹீட்டர் காத்தது வீண்.

மாடித் தொட்டி வெயிலில் காய்ந்திருக்கும் மத்தியான நேரத்தில் தண்ணீர் பிடியுங்கள். அதுவும் போதாவிட்டால் வெந்நீர் கலக்குங்கள். கணக்கு சுலபம்: 20 டிகிரித் தண்ணீர் பத்து லிட்டருக்குக் கொதிக்கும் தண்ணீர் ஒரு லிட்டர் கலந்தால் 27 வரும், முக்கால் லிட்டர் கலந்தால் 25. எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி பக்கெட்டில் கலந்து, நன்றாகக் கிளறி, தெர்மோமீட்டரால் பார்த்து, அதன் பிறகு குளோரின் நீக்கும் மருந்து சேருங்கள். தொட்டித் தண்ணீருக்கும் பக்கெட்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கையை விட்டு "சரியா இருக்கு" என்பது அளவாகாது. குளிரில் விறைத்த கைக்கு 22கூட வெந்நீராகத் தெரியும்.

கீசர் தண்ணீரை நான் தவிர்ப்பேன். அதன் உள்தொட்டியில் உப்புப் படிவும் உலோகமும் சேர்ந்திருக்கும். அடுப்பில் காய்ச்ச ஐந்து நிமிடம்தான் ஆகிறது.

அளவையும் பிரித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை 30 சதவீதம் மாற்றுபவர் பனிக்காலத்தில் இரண்டு முறை 15 சதவீதம் மாற்றினால் நல்லது. மாற்றத் தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே ஹீட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர் இறங்கி, சூடான குழாய் காற்றில் நின்று, அதன்மேல் புதுத் தண்ணீர் பட்டால் டக்கென்று விரிசல் விடும். வேலை முடிந்து கால் மணி நேரம் கழித்துச் செருகுங்கள். மறந்து போகிறவர்கள் அலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி வைத்த பிளக்கை மறுநாள் காலையில்தான் பார்ப்பது அடிக்கடி நடக்கிற கதை.

11. சாப்பாட்டைக் குறையுங்கள்

ஹீட்டர் இல்லாத தொட்டிகளுக்கு இது முக்கியம். தண்ணீர் குளிர்ந்தால் மீனின் செரிமானம் மந்தமாகும். கழிவை உடைக்கும் ஃபில்டர் பாக்டீரியாவும் மந்தமாகும். பழைய அளவிலேயே போட்டால் மிச்சம் அழுகி அம்மோனியா ஏறும். வழக்கமான அளவில் பாதி, ஒரு வேளை, மத்தியானத்துக்கு மேல். ஹீட்டர் ஓடும் தொட்டியில் வழக்கம்போலப் போடலாம்.

12. கரன்ட் போனால்

மூடியும் தெர்மாகோலும் இருக்கும் 45 லிட்டர் தொட்டி மூன்று மணி நேரக் கரன்ட் தடையில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். பதறத் தேவையில்லை. தடிமனான போர்வையைத் தொட்டியைச் சுற்றிப் போர்த்துங்கள், சாப்பாடு போடாதீர்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஹீட்டரை அதில் இணைக்க வேண்டாம், பேட்டரியைக் குடித்துவிடும். ஐந்து வாட்கூட இழுக்காத ஏர் பம்பை இணையுங்கள். சூடு குறைந்து மீன் சாவதற்கு முன்பே மூச்சு முட்டிச் சாகும்.

நீண்ட தடை என்றால் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 60 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரை நிரப்பி, இறுக மூடி மிதக்க விடுங்கள். 45 லிட்டர் தொட்டியில் ஒரு பாட்டில் முக்கால் டிகிரி ஏற்றும். ஆறியதும் மாற்றுங்கள். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் நெளிந்துவிடும். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் பாட்டில் போடும் முன் ஒரு லிட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். வெந்நீரை நேராகத் தொட்டியில் ஊற்றுவது மட்டும் எந்த அவசரத்திலும் கூடாது.

மேலே குண்டு பல்பு தொங்கவிடும் பழைய வழியும் வேண்டாம். மேல்தண்ணீர் மட்டும் சூடாகும், அணைத்ததும் இறங்கும், நீர்த்துளி தெறித்தால் பல்பு வெடிக்கும்.

13. வெள்ளைப்புள்ளி வந்துவிட்டால்

சூடு ஆடிய தொட்டியில் முதலில் வருவது இதுதான். துடுப்பிலும் உடம்பிலும் உப்புத் தூள் ஒட்டினாற்போல் புள்ளிகள். மீன் கல்லில் உரசிக்கொள்ளும். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். சூடு கூடினால் அந்தக் கட்டம் சீக்கிரம் வரும் என்பதால், வெப்பத்தைத் தாங்கும் மீன்களுக்கு மேலே சொன்ன நிதானத்தில் 29, 30 வரை ஏற்றி, குமிழியைக் கூட்டி, கடை மருந்தைச் சீட்டில் உள்ள அளவில் கொடுங்கள். புள்ளி மறைந்த அன்றே நிறுத்திவிடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. சீட்டில் சொன்ன நாள் முழுவதும் தொடருங்கள். லோச் வகை மீன்கள் இருந்தால் பாதி அளவு. கோல்ட் ஃபிஷ் தொட்டியில் சூடு ஏற்றும் வழி வேண்டாம், மருந்து மட்டும்.

14. பனி முடிந்த பிறகு

மாசி நடுவில் அறை விடியற்காலையிலும் 24க்கு மேல் நிற்கத் தொடங்கும். ஹீட்டர் விளக்கு ஒரு வாரமாக எரியவே இல்லை என்றால் கழற்றும் நேரம் வந்துவிட்டது. கோடை முழுவதும் சும்மா கிடக்கட்டும் என்று செருகியே வைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் கெடுவதானால் தண்ணீர் ஏற்கெனவே 30ல் இருக்கும் நாளில்தான் கெடும். தெர்மாகோலையும் எடுத்துவிடுங்கள். மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் அதே ஆவியாதல் இப்போது தொட்டியைக் குளிர வைக்கும்.

பிளக்கைக் கழற்றி 20 நிமிடம் ஆறிய பின் ஹீட்டரை வெளியே எடுங்கள். போர் தண்ணீர் ஊர்களில் குழாய் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் துடைத்து எடுக்கலாம், சுரண்டக் கூடாது. கழுவி, காய வைத்து, வந்த டப்பாவிலேயே போட்டு, எத்தனை வாட், குமிழ்ப்புள்ளி எந்த இடத்தில் என்று மேலே எழுதி வையுங்கள். அடுத்த கார்த்திகையில் நேராகத் தொட்டியில் இறக்காமல், பக்கெட் தண்ணீரில் ஓர் இரவு ஓடவிட்டு, குறித்த சூட்டில் அணைகிறதா என்று பார்த்த பிறகு பொருத்துங்கள்.